கருவேலம்பாளையத்து வடக்கு

துறைமுகப் பயிற்சிப் பள்ளியிலிருந்து போன வாரம் இரண்டு இளைஞர்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நிஜமாகவே தேடித்தான் வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் மாவுமில்காரரிடம் வழி கேட்டு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகு ஒருவர் சொன்னார்: "கடலில் வழிகாணும் சாஸ்திரத்தின் வரலாறும் வளர்ச்சியும் பற்றி எங்கள் மலருக்கு நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் சார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போது பள்ளியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். ராடார் வந்துவிட்டதாம், செயற்கைக்கோள் வானத்தில் இருந்தபடியே வழி சொல்லப் போகிறதாம், அதனால் காந்த முள் பாடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். சந்தோஷம். முள்ளோடு முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் நான். அதன் திமிர் எனக்குத் தெரியும். கொஞ்சம் அடங்கி இருக்கட்டும்.

சாஸ்திரத்தின் வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மனிதன் கரை கண்ணுக்கு மறையும் தூரம் வரை போனான், திரும்பி வர வழி தெரியவில்லை. அங்கே ஆரம்பித்தது எல்லாம். ராத்திரியில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தான். அது எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளக்க நம் கிழக்குக் கரை மாலுமிகள் ராப்பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். சின்ன மரப்பலகை, அதன் நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை நீட்டிப் பிடித்தால், எந்த முடிச்சில் பலகை நட்சத்திரத்துக்கும் தொடுவானுக்கும் நடுவே பொருந்துகிறதோ, அதை வைத்து எந்த ஊருக்கு நேராக நிற்கிறோம் என்று தெரியும். மேகம் மூடினால் தெரியாது. அதற்குக் காந்தம் வந்தது. வடக்கு தெற்கு எவ்வளவு வந்தோம் என்பது தெரிந்தது, கிழக்கு மேற்கு எவ்வளவு வந்தோம் என்பது மட்டும் பிடிபடவில்லை. அதற்குக் கப்பல் ஆட்டத்திலும் நேரம் தவறாத கடிகாரம் வேண்டியிருந்தது. அதைச் செய்து முடிப்பதற்குள் எத்தனையோ கப்பல்கள் பாறையில் ஏறிவிட்டன. எல்லாம் சரியாகி வந்த வேளையில் நம் ஆட்கள் மரத்தை விட்டுவிட்டு இரும்பில் கப்பல் கட்டினார்கள். இரும்பு வயிற்றுக்குள் காந்த முள்ளை வைத்தால் அது எந்தப் பக்கம் பார்க்கும்? அதைச் சரிக்கட்ட ஒரு தொழில் பிறந்தது. அந்தத் தொழிலில் கடைசி வரிசையில் வந்து நின்றவன் நான். வரலாறு முடிந்தது.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரன். சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் இருக்கிறது. அப்பா ஆத்தூர் நெல்லுக்கு வண்டி ஓட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் வேலை தேடிச் சென்னைக்குப் போய் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம், இத்தனை தண்ணீரை இங்கே கொட்டி வைத்துவிட்டு எங்கள் ஊர்க் கிணறுகளைக் கடவுள் ஏன் காயப்போட்டார் என்பதுதான். துறைமுகத்தின் பின்னால் இருந்த கருவிப் பட்டறை ஒன்றில் கண்ணாடி துடைக்கிற வேலை கிடைத்தது. செக்ஸ்டண்டின் கண்ணாடி. சூரியனைக் கடலின் விளிம்புக்கு இழுத்து வந்து அதன் உயரத்தை அளக்கிற கருவி அது. அதைத் துடைத்தேன், பிறகு கழற்றினேன், பிறகு மாட்டினேன். அப்படியே சில வருஷம் போயிற்று. திசைகாட்டிக் கிண்ணத்துக்குள் முள் மிதப்பதற்கு ஊற்றும் ஸ்பிரிட்டைப் பட்டறை ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் வயிற்றுக்கும் ஊற்றிக்கொண்டார்கள் என்பதைத் தவிர அந்த வருஷங்களில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு என்னை லோபோவிடம் உதவியாளாகப் போட்டார்கள். திசைகாட்டி சரிபார்ப்பதற்குச் சர்டிபிகேட் வாங்கியவர்கள் அந்தத் துறைமுகத்திலேயே இரண்டோ மூன்றோ பேர்தான். அதில் அவர் ஒருவர். குட்டையான மனிதர், கறுத்த நிறம், வெயிலிலும் மழையிலும் வெள்ளைக் கோட்டு. உலகத்தில் எல்லோரையும் "மேன்" என்று கூப்பிடுவார், துறைமுக அதிகாரியின் சம்சாரம் உட்பட. அவர் உடம்பில் இரும்பு என்பது பேருக்குக்கூடக் கிடையாது. பித்தளைப் பொத்தான், துணிக் கச்சை, தங்கப் பிரேம் கண்ணாடி. வீட்டுச் சாவியைக்கூடப் பித்தளையில் வார்த்து வாங்கியிருந்தார். அந்தச் சாவி அடிக்கடி வளைந்து போய், மனுஷர் தன் வீட்டு வாசலில் தானே நின்று கதவைத் தட்டுவார்.

கப்பலைச் "சுற்றிக் காட்டுவது" என்று எங்கள் வேலையைச் சொல்வோம். துறைமுகத்துக்கு வெளியே கப்பலை மெதுவாக ஒவ்வொரு திசையாகத் திருப்புவார்கள். லோபோ மேல்தளத்தில் நின்று சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்று அளப்பார். சூரியன் பொய் சொல்லாது, முள் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் குரல் கொடுக்க, நான் எழுதுவேன். பிறகு திசைகாட்டியைத் தாங்கும் தூணுக்குள் சின்னச் சின்னக் காந்தத் துண்டுகளைச் செருகுவார், இரண்டு பக்கமும் உள்ள இரும்பு உருண்டைகளைத் தள்ளுவார், இழுப்பார். கப்பலின் இரும்பு முள்ளை ஒரு பக்கம் இழுத்தால் இவருடைய காந்தம் மறுபக்கம் இழுக்கவேண்டும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் மருமகளை நிமிர்ந்து நிற்க வைக்கிற காரியம் அது. முடித்ததும் தொப்பியைக் கழற்றி முள்ளுக்கு ஒரு வணக்கம் வைப்பார். "முக்கால் டிகிரி கூட நான் விட்டதில்லை மேன்" என்பார். ஒவ்வொரு கப்பலிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒருமுறை ரங்கூன் போகிற கப்பல் ஒன்று. அதன் முள் காலையில் மட்டும் தவறுகிறது, மாலையில் யோக்கியமாக இருக்கிறது என்று கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் சுற்றிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை லோபோ சுக்கான் பிடிப்பவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார், அவனை மேலும் கீழும் பார்த்தார், சட்டென்று அவன் இடுப்பு வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். அவன் கூச்சலிட்டான். கை வெளியே வந்தபோது அதில் ஒரு கனமான பாக்குவெட்டி இருந்தது. பலகாரம் முடிந்ததும் வெற்றிலை போடுகிற ஆசாமி, காலைக் காவலில் முள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்போடு நின்றிருக்கிறான். லோபோ அதைக் கடலில் எறிந்துவிட்டார். அது தன் மாமனார் சீராகக் கொடுத்தது என்று அந்த ஆள் அழுதான். "உன் மாமனார் உன்னைக் கொல்லப் பார்த்திருக்கார் மேன்" என்றார் லோபோ.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கடல் வழியாக வருவான் என்ற பயத்தில் உள்நாட்டில் அங்கங்கே விமானம் இறங்கத் தற்காலிக மைதானங்கள் போட்டார்கள். விமானத்தின் எஞ்சினும் இரும்புதான், அதற்கும் ஒரு முள் உண்டு, அதையும் சுற்றிக் காட்டவேண்டும். அதற்கு மைதானத்தில் ஒரு வட்டம் அமைத்து அதில் திசைகளைக் கோடாகப் போடவேண்டும். லோபோவைச் சேலம் ஜில்லாவுக்கு அனுப்பினார்கள். ஊர்க்காரன் என்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

சேலம் ஜங்ஷனில் இறங்கியதுமே வம்பு. எங்கள் ஜில்லாவில்தான் முதன்முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முள்ளுக்கு ஊற்றும் ஸ்பிரிட் இரண்டு புட்டி எங்கள் பெட்டியில் இருந்தது. கலால் ஜவான் ஒருவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தில் ஒரு ஒளி வந்தது. "இது மெஷின் குடிக்கிறது, மனுஷன் குடிக்கிறதில்லை" என்று லோபோ எவ்வளவோ வாதாடினார். "மெஷின் குடிச்சாலும் குத்தம்தான் சார்" என்றார் ஜவான். தாசில்தார் வரை போய்த்தான் மீட்டோம். திரும்பி வந்தபோது ஒரு புட்டியில் அளவு குறைந்திருந்தது, நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மைதானத்துக்கு அதிகாரிகள் முதலில் பார்த்து வைத்திருந்த இடம் கஞ்சமலை அடிவாரம். சமதரை, சாலை பக்கம், எல்லாம் சௌகரியம். மலை பூராவும் இரும்புக் கல் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. லோபோ கைத்திசைகாட்டியைக் கீழே வைத்தார், எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார், மறுபடி வைத்தார். முள் இங்கே ஒரு வடக்கும் அங்கே ஒரு வடக்கும் காட்டியது. கூட வந்த அதிகாரி, வேறு நல்ல முள்ளாகக் கொண்டுவரச் சொன்னார். "மலையை வேறு ஊருக்கு மாத்துங்க மேன், இந்த முள்ளே போதும்" என்று சொல்லிவிட்டு லோபோ ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் மேற்கே, திருச்செங்கோட்டுப் பக்கம், ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பிடித்தார்கள். ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்கிறேன், கருவேலம்பாளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோபோ அந்த நிலத்தை முழம் முழமாக முள்ளை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தம் மேன், சர்ச் மாதிரி சுத்தம்" என்றார். நிலத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு முனியப்பன். அந்த நிலமே முனியப்பனுடையது, மாடுகள் அவர் தயவில் மேய்கின்றன என்பது ஊர்க் கணக்கு.

மண்வேலைக்கு வந்த ஆட்களுக்குத் தலைவி பாவாயி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குரலை உயர்த்தினால் பக்கத்து ஊர் ஆடு திரும்பிப் பார்க்கும். எங்கள் கிழக்குப் பக்கத்தில் மரியாதைக்குத்தான் 'ங்க' போடுவோம். இவர்கள் திட்டும்போதும் போடுவார்கள். வட்டத்துக்குள் இரும்பு வரக்கூடாது என்று லோபோ கயிறு கட்டி, வாசலில் தானே நின்று ஆட்களைச் சோதித்தார். அரிவாள், கொண்டை ஊசி, இரும்புக் காப்பு, தாயத்துத் தகடு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும்.

"ஏனுங்க தொரை, மம்பட்டியும் கூடாதுன்னா மண்ண வாயிலயா கடிச்சு எடுக்கறதுங்க?" என்றாள் பாவாயி.

"இப்போ மம்பட்டி ஓகே மேன். வேலை முடிஞ்ச பிறகு ஒரு ஊசி கூடக் கூடாது."

"ஏனுங்க கூடாது?"

லோபோ என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: "அந்தக் கிண்ணத்துக்குள்ள ஒரு முள் இருக்கும்மா. அது எப்பவும் வடக்கேதான் பார்க்கும். இரும்பு பக்கத்துல வந்தா அதுக்கு ஆகாது."

பாவாயி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அவள் திருப்பத் திருப்ப முள் மட்டும் வடக்கையே பார்த்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. இரும்பைக் கண்டால் ஆகாத வஸ்து அந்தச் சீமையில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

வட்டம் தயாரானது. கோடுகளைச் சுண்ணாம்பில் இழுத்து, முளைகளை மரத்தில் அடித்து, லோபோ எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். விமானம் வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. லோபோவுக்கு மலேரியா கண்டு சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் அவர் கூட இருந்தேன். மைதானத்துக்குக் காவல் பாவாயியின் அண்ணன்.

விமானத்தை ஓட்டி வந்தவன் நம்பியார் என்ற மலையாளப் பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. வந்து இறங்கிய முதல் நாளே பாவாயியிடம் மோர் வாங்கிக் குடித்து, "அம்மே, நல்ல மோர்" என்று சொல்லி ஊரையே வளைத்துப் போட்டுவிட்டான். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஊர்ப் பெண்கள் அவனுக்கு ராகிக் களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லோபோ விமானத்தை வட்டத்தில் நிறுத்தி ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பினார். எந்தக் கோட்டில் நிறுத்தினாலும் முள் கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளிக் காட்டியது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு தவறு என்றால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரு காரணம்தான் சொல்வோம்: கிண்ணத்தைக் கோணலாகத் திருகி வைத்திருக்கிறார்கள். லோபோ விமானப் பட்டறைக்காரர்களைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, கிண்ணத்தை அந்த அளவுக்குத் திருப்பி வைத்தார். தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

மறுநாள் நம்பியார் கிழக்கே கடற்கரை வரை ரோந்து போனான். திரும்பும்போது மழை மேகம். கீழே ஒன்றும் தெரியவில்லை, முள்ளையும் கடிகாரத்தையும் நம்பி ஓட்டினான். நேரம் ஆனதும் மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் மைதானம் இல்லை. எங்கேயும் இல்லை. பெட்ரோல் தீர்ந்து, ஜேடர்பாளையத்துக்குக் கிட்ட காவிரி மணலில் மூக்குக் குத்தி இறங்கினான். தோள்பட்டை முறிந்தது, விமானம் நொறுங்கியது. உயிர் தப்பியது.

தந்தி பறந்தது. நாளை விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. பையன் வழி தவறியிருந்தால் அவன் இனி விமானத்தைத் தொட முடியாது. அவன் தவறவில்லை என்றால் தவறு முள்ளுடையது, அதாவது லோபோவுடையது. லோபோ சாப்பிடவில்லை. விடிந்ததும் கைத்திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஓரத்தில் முள் ஒழுங்காக நின்றது. நடுவை நெருங்க நெருங்க மெதுவாகத் திரும்பியது. கோணல் நிலத்தில் இருந்திருக்கிறது; சரியாக இருந்த கிண்ணத்தைத்தான் அவர் திருப்பி வைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"தோண்டு மேன்" என்றார்.

தோண்டினேன். முதலில் ஒரு எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி. பிறகு ஒரு கொழு. ஏரில் மாட்டுகிற கொழு, குங்குமம் வைத்தது. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னும். வண்டிச் சக்கரத்துப் பட்டை, உடைந்த கடப்பாரை, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலின் வளையம். எல்லாவற்றுக்கும் அடியில், நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்கிற கனத்தில், கரும்பாலையின் உடைந்த இரும்பு உருளை. ஊரே தன் இரும்பையெல்லாம் கொண்டுவந்து வடக்கின் தலையில் கொட்டியிருந்தது.

பாவாயி ஓடி வந்தாள். "ஐயோ, எதுக்குங்க சாமி தோண்டறீங்க? மூடுங்க, மூடுங்க!"

"யாரும்மா இதைப் போட்டது?" என்று கேட்டேன்.

"நாங்கதானுங்க. ஊட்டுக்கு ஒரு இரும்பு. முனியப்பனுக்குக் கெடா வெட்டாமயே அவரு நெலத்துல வேல நடக்குது, அது போதாதுன்னு உங்க தொரை ஒரு கிண்ணத்துல எதையோ புடிச்சு அடைச்சு வெச்சுருக்கறாரு. இரும்பக் கண்டா ஆவாதுன்னு நீங்களே சொன்னீங்கல்லங்க? இரும்பக் கண்டு பேயத் தவுர எதுங்க பயப்படும்? அதப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அந்தப் பையன் மேல பறக்கறான். அவன் அம்மா எங்கயோ மலையாளத்துல இருக்கறா. நாம பாக்க வேண்டாமுங்களா?"

"இரும்பு கூடாதுன்னு சொன்னோமே அம்மா!"

"மேலதானுங்க கூடாதுன்னீங்க. கீழ போடக் கூடாதுன்னு ஆரு சொன்னாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லோபோவிடம் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தபோது சிரிப்பு போய்விட்டது. வெள்ளையனே வெளியேறு என்று நாடு கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. தண்டவாளத்தைத் தொட்டவனையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். யுத்த விமானத்தின் முள்ளைக் கெடுக்க, எச்சரித்த பிறகும், ஒரு ஊரே கூடி இரும்பு புதைத்தது என்று விசாரணை அதிகாரி கேட்டால் எலுமிச்சம்பழத்தையா பார்ப்பார்? பாவாயியை நாசவேலைக்காரி என்று விலங்கு மாட்டிக்கொண்டு போவார்கள். அவள் அண்ணனும் போவான். லோபோவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் குழிக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் குந்தி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு மேன். இப்பவே. குழியை மூடு. அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே."

"சார், அப்போ உங்க பேரு?"

"நான் சொன்னதைச் செய்."

பாவாயி முணுமுணுத்துக்கொண்டே ஆட்களைக் கூட்டி வந்தாள். "எடுத்துக்கறோமுங்க. இந்த இரும்பு இருந்ததாலதான் அந்தப் பையன் உசிரோட மணல்ல எறங்கினான். அடுத்தவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாவம் உங்க தொரை தலையிலதானுங்க" என்றாள். உருளையை உருட்டிக்கொண்டு போய் முனியப்பன் காலடியில் போட்டார்கள்.

மதியம் விசாரணை. அதிகாரி உயரமான வெள்ளைக்காரர், அவசரக்காரர். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி நம்பியார் ஒரு பக்கம் நின்றான். லோபோ கோட்டுப் பொத்தான்களை ஒழுங்காக மாட்டிக்கொண்டு மறுபக்கம் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

"விமானி காட்டிய வழி சரியா?" என்று அதிகாரி கேட்டார்.

"முழுக்கச் சரி, சார். முள் தவறாக இருந்தது. நான் தவறாக வைத்தேன்."

"எப்படி?"

"இந்த ஜில்லாவில் இரும்புக் கல் இருக்கிறது. கஞ்சமலையில் பார்த்தேன். இங்கேயும் அடியில் ஓடுகிறது போலிருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாத் திசையிலும் ஒரே தவறு வந்தபோதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை."

"எத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு?"

"நிறைய, சார்."

"அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு பையனைக் கொல்லப் பார்த்தீர்கள்."

லோபோ சொன்னதில் கடைசிப் பகுதியாவது உண்மைதானே என்று நீங்கள் கேட்கலாம், சந்தேகப்பட்டிருக்கலாம்தான். ஆனால் சர்ச் மாதிரி சுத்தமாக இருந்த நிலத்தை அவர் பார்க்கவில்லை என்றது பச்சைப் பொய். முக்கால் டிகிரிகூட விட்டுக்கொடுக்காத மனிதர் அத்தனை டிகிரியையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் வேட்டியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். இடுப்பில் வேட்டியைக் காப்பாற்றுவதா, அவரைக் காப்பாற்றுவதா என்ற நிலையில் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சர்டிபிகேட் போயிற்று. பட்டறையில் கண்ணாடி துடைக்கிற பெஞ்சில் உட்காரலாம், கப்பலில் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. நம்பியார் குற்றமற்றவன் என்று முடிவாயிற்று. போகும்போது அவன் எல்லோருக்கும் கைகொடுத்தான், பாவாயி காலைத் தொட்டான். லோபோவைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தோள்பட்டை அவனுடையது.

கொஞ்ச காலத்தில் எனக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. லோபோ இல்லாத குறைக்கு யாராவது வேண்டுமே. நான் காலையில் கப்பலுக்குப் போவேன், அவர் பெஞ்சில் செக்ஸ்டண்ட் கண்ணாடியைத் துடைப்பார். சாயங்காலம் வந்ததும், "எவ்வளவு விட்டே மேன்?" என்பார். சொல்வேன். "மோசம்" என்பார். தினமும் மோசம்தான்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. மைதானத்தில் வேறு இடத்தில் புது வட்டம் போடவேண்டும் என்று என்னைக் கருவேலம்பாளையத்துக்கு அனுப்பினார்கள். பாவாயி நன்றாகத்தான் இருந்தாள். வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தாள். வாசலில் ஊர் மணியகாரரும் அவளுடைய அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவரும் கடலை தின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் குட்டைத் தொரை எப்படி இருக்கறாருங்க சாமி?" என்று பாவாயி கேட்டாள்.

"இருக்கார். இப்போ கப்பலுக்குப் போறதில்லை."

"கேள்விப்பட்டோமுங்க. பாவமுங்க. நெலத்துக்குள்ள இரும்புக் கல்லு இருக்கறதுகூடத் தெரியாம, இத்தன நாளா எப்படித்தான் சம்பளம் வாங்கினாரோ! நாங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊரு மண்ண உழுவறோம், எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமில்லீங்க? நல்ல மனுசன். ஆனா வேல தெரியாத மனுசன். நாங்க மட்டும் இரும்பு போடலைன்னா அந்தப் பையன் கதி என்னவாயிருக்கும்? ஏனுங்க, நான் சொல்றது சரிதானுங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ்காரரும் பார்த்தார். உலகத்தில் எனக்கு ஒரு தொழில் சொல்லிக்கொடுத்தவர் லோபோ ஒருவர்தான்.

"ஆமாங்கம்மா" என்றேன். "வேலை தெரியாத மனுஷன்தான்."

சென்னை திரும்பியதும் நேரே பட்டறைக்குப் போனேன். லோபோ பெஞ்சில் இருந்தார்.

"அந்தப் பொம்பளை எப்படி இருக்கா மேன்? ஜெயில் கியில் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை சார். கடலை வறுத்துக் கொடுத்தாங்க."

"என்னைக் கேட்டாளா?"

அவரிடம் பொய் சொல்லத் தெரியாது எனக்கு. பாவாயி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளுடைய குரலிலேயே சொன்னேன். லோபோ சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"நீ என்ன சொன்னே மேன்?"

"ஆமான்னு சொன்னேன் சார்."

"குட்" என்றார். "கரெக்ட்."

பிறகு குனிந்து கையிலிருந்த செக்ஸ்டண்ட் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் ஊருக்குப் போகும் முன்பே அவர் துடைத்து முடித்துவிட்ட கண்ணாடி அது.